ஜாஸ்காரர் வீட்டுக் கல்யாணம்

மகனே,

நீயும் மருமகளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று போன் வந்த பிறகுதான் உன் அம்மா ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டாள். நான் அதற்கு முன்பும் நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விமானத்தை ஓட்டுகிறவன் நானில்லை, கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் போனை வைக்கும் முன்னால் நீ ஒன்று கேட்டாய். “கல்யாணத்துக்கு முந்தி எங்கிட்ட ஏம்ப்பா மொகங் குடுத்தே பேசல? அப்புறம் ரிசப்ஷன் மேடையில திடீர்னு ஏன் அப்பிடிச் சிரிச்சீங்க? அவ வீட்டு ஆளுக இன்னமும் கேக்குறாங்க.” எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், விஷயம் அங்கேயே நின்றுவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதையும் இதிலேயே சேர்த்துவிடுகிறேன். அதற்கென்று தனியாக உட்கார்ந்து எழுத எனக்குப் பொறுமை கிடையாது.

திருப்பரங்குன்றத்தில் நம் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் என் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். “ஜாஸ்காரர் வீடா? ரயில்வே கேட்டத் தாண்டுனதும் வலது பக்கச் சந்து” என்பார்கள். மேடைக் கச்சேரியில் பெரிய டிரம், சின்ன டிரம், பித்தளைத் தட்டு எல்லாம் சேர்ந்த அந்த செட்டுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஜாஸ். யார் வைத்தது, ஏன் வைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. தபேலாவுக்குத் தபேலா, டோலக்குக்கு டோலக், இதற்கு ஜாஸ். “ஜாஸ ஏத்தியாச்சா?” என்று வேன்காரர் கேட்பார். தூறல் விழுந்தால் “ஜாஸ் நனையுது, தார்ப்பாய இழுத்து விடு” என்று சத்தம் கேட்கும். நீ பேசப் பழகியதே அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சர் உன்னிடம் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். நீ “ஜாஸ்” என்றாய். அவர் காதில் அது “கேஸ்” என்று விழுந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்துத் தேர் வீதியில் என்னைப் பிடித்து நிறுத்தி, “சிலிண்டர் பதிஞ்சு எம்புட்டு நாளாச்சு, கொஞ்சம் பாத்து அனுப்பக் கூடாதா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா, “அந்த வேலையாவது பாத்திருக்கலாம்ல” என்றாள். அவளுக்கு எப்போதும் அப்படி ஒரு வாய்.

உனக்குப் பெண் பேசி முடித்து, கல்யாணம் தை மாதம் என்று ஆனதும் நீ போன் செய்தாய். அமெரிக்கா போன புதிதில் நீ மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் வால்டரும் கல்யாணத்துக்கு வருகிறார் என்றாய். “அவரும் ஜாஸ் வாசிச்சவருதாம்ப்பா. எங்கப்பாவும் ஜாஸ்தான்னு சொன்னேன். பாத்தே ஆகணும்னு நிக்கிறாரு.” எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து நம் தொழில்காரர் ஒருவர் வருகிறாரே என்று சந்தோஷத்தில் சேவியரிடம் ஓடினேன். நம் குழுவில் கீபோர்டு வாசிக்கிறானே, பகலில் இங்கிலீஷ் வாத்தியாராக இருக்கிறானே, அதே சேவியர்தான். கேட்டதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அமெரிக்காவுல ஜாஸ்னா டிரம்ஸ் இல்லண்ணே. அது ஒரு சங்கீதம். நம்மூர்ல கர்நாடக சங்கீதம் இல்லையா, அந்த மாதிரி. அதுல பெரிய பெரிய வித்வானுக இருக்காங்க” என்றான். ஒரு சி.டி.யும் போட்டுக் காட்டினான். டிரம்ஸ் அடிக்கிறவர் பாட்டு முழுக்கத் தட்டிலேயே குச்சியை வைத்து விளையாடுகிறார். தாளம் எங்கே எடுக்கிறது, எங்கே விழுகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இத்தனை வருடம் மேடையில் உட்கார்ந்தவனுக்குக் காலால் தட்டி எண்ணக்கூட வரவில்லை. வியர்த்துவிட்டது எனக்கு.

அதோடு விட்டதா? அந்த வாரமே திருநகரிலிருந்து உன் மாமனார் பத்திரிகை அடித்து அனுப்பினார். நம் பக்கத்துப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே ஆளின் வேலையையும் போடுவார்கள். தாசில்தார் ஓய்வு, தலைமை ஆசிரியர், ஜவுளி வியாபாரம் என்று. போடுவதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு ஊர்ப் பெயரைப் போட்டு மரியாதையாக முடித்துவிடுவார்கள். எனக்கும் அப்படித் திருப்பரங்குன்றம் என்று போட்டிருந்தால் போதும். போடவில்லை. என் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் “ஜாஸ் இசைக் கலைஞர்” என்று இருந்தது. மாப்பிள்ளைதான் சொன்னார் என்றார் உன் மாமனார்.

இப்போது மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதுதான்: ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் அடிக்கிறவன் என் அப்பன் என்று சொல்ல உனக்குக் கூச்சம். அமெரிக்காவுக்குப் போன பிறகு அங்கே எந்த வார்த்தைக்கு மரியாதை என்று தெரிந்துகொண்டு, அதை எடுத்து எனக்கு மாட்டிவிட்டிருக்கிறாய். நான் எப்படியோ அப்படியே என்னை வெளியில் காட்ட உனக்கு மனம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். “ஏங்க, நம்ம புள்ளைக்கு அம்புட்டுச் சூதெல்லாம் தெரியுமா? கடையில மீதிச் சில்லற வாங்கவே மறந்துட்டு வருவான்” என்றாள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. நீ வந்து இறங்கியதும் உன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு அந்தக் கொட்டை எழுத்துதான் தெரிந்தது. உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். கோபம் ஒரு பக்கம், உன்னைக் காப்பாற்ற வேண்டுமே என்ற பதற்றம் ஒரு பக்கம். வருகிறவர் உண்மையான ஜாஸ் வித்வான். வாசியுங்கள் என்று குச்சியை நீட்டினால் ஒரே நிமிஷத்தில் சாயம் வெளுத்துவிடும். என் மானத்தை விடு, உன் கல்யாணத்தில் உன் மாமனார் வீட்டார் முன்னால் நீ பொய்யன் ஆகிவிடுவாய்.

வால்டர் வந்தார். நல்ல உயரம், லேசான கூன், காதில் மெஷின், வீட்டுக்குள்ளேயும் கழற்றாத தொப்பி. உன் மாமனார் வீட்டு மாடியில் தங்க வைத்தீர்கள். நான் ஒளிய ஆரம்பித்தேன். ஜாஸின் தோல் கிழிந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். பத்திரிகை வைக்க உசிலம்பட்டிப் பக்கம் போனதும் பொய், அங்கே எல்லோருக்கும் முன்பே வைத்தாகிவிட்டது. பஸ்ஸில் போய், கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். நல்லவேளையாக அவருக்கும் எதுவோ ஒன்று நடந்துகொண்டே இருந்தது. ஒத்திகைக்கு நீ கூப்பிட்ட அன்று வயிறு சரியில்லை என்றார். அடுத்த தடவை மலையைப் பார்க்கப் போய்விட்டார். முருகன் என் பக்கம் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வரவேற்பு அன்று காலையில் மாட்டிக்கொண்டேன். நம் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நான் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டுக்கு வந்திருந்த வால்டர் கீழே கூட்டத்தில் உட்கார இடமில்லாமல் நிற்பதைப் பார்த்து உன் அம்மா, “சேவியரு, அவர மாடிக்குக் கூட்டிட்டுப் போப்பா, செத்த காத்தாட இருக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறாள். கதவு திறந்தது. தோல் கிழிந்ததாகச் சொன்ன டிரம் முழுசாக என் மடியில் இருக்கிறது. வால்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேவியரிடம் எதுவோ சொன்னார். “எங்க கிழிஞ்சிருக்குன்னு கேக்குறாருண்ணே” என்றான் சேவியர்.

“சொல்லிருப்பா” என்றேன். “ஒரேடியாச் சொல்லிரு. எனக்கு ஜாஸ் தெரியாது. அவங்க சங்கீதத்துல ஒரு எழுத்துகூடத் தெரியாது. இந்த மரத்துக்கும் தோலுக்கும் எங்கூர்ல ஜாஸ்னு பேரு, அம்புட்டுதான். எம் மகன் என்ன சொல்லியிருந்தாலும் மனசுல வச்சுக்கிற வேணாம்னு சொல்லு.” சேவியர் கொஞ்ச நேரம் பேசினான். வால்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பந்திக்கு வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறார்! இடது கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் மடங்கவில்லை. “குச்சியப் புடிச்சு வருசக்கணக்காச்சாம்ணே. நீங்க தெனமும் ஆயிரம் பேருக்கு முன்னால ஜாஸ் வாசிக்கிறதா நம்ம தம்பி சொல்லிச்சாம். மேடையில ஏத்தி உக்கார வச்சு வாசிக்கச் சொல்லிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தாராம். வயித்துவலி, மலை எல்லாமே சும்மாவாம்ணே” என்றான் சேவியர். அதற்குப் பிறகு நான் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து உன் அம்மா காபியோடு ஏறி வந்துவிட்டாள். ஆயிரம் பேருக்கு முன்னால் என்று நீ சொன்னதாகக் கேட்டபோது மட்டும் உள்ளே சுருக்கென்றது. பார், பொய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நினைத்தேன். அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

காபி குடித்துக்கொண்டே அவர் கதையைச் சொன்னார். அந்த வீட்டில் அத்தனை நாள் இருந்தும் நீ இதைக் கேட்டிருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். அவர் அப்பா கறிக்கடைக்காரர். இவர் பள்ளிக்கூட பேண்டில் டிரம்ஸ் பழகி, மீசை அரும்பும் வயதில் ஒரு பெரிய குழுவோடு பஸ் ஏறிவிட்டார். ஸ்விங் என்று அவர்கள் ஜாஸில் ஒரு வகையாம். உட்கார்ந்து கேட்கிற சங்கீதமில்லை, ஜோடி ஜோடியாக ஆடுவதற்கானது. ஊர் ஊராகப் பெரிய மண்டபங்கள். டிரம்ஸ்காரன் பாடுகிறவளைப் பார்க்கக் கூடாது, ஆடுகிறவர்களின் காலைப் பார்க்க வேண்டும் என்று குழுத் தலைவர் சொல்வாராம். கால் சோர்ந்தால் தூக்கி விட வேண்டும், தடுமாறினால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பஸ்ஸிலேயே தூக்கம், பஸ்ஸிலேயே சாப்பாடு, சண்டை, காதல் எல்லாம். உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் வீடு திரும்பிய பிறகு அந்த மண்டபங்களுக்குக் கூட்டம் குறைந்தது. அத்தனை பேருக்குச் சோறு போட முடியாமல் ஒரு நாள் குழு கலைந்தது. அவரவர் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பஸ்ஸில் போய்விட்டார்கள். வால்டர் பகலில் செருப்புக் கடையில் வேலை பார்த்தார், சாயங்காலம் கல்யாண வீடுகளில் வாசித்தார். அப்படியே வயதாகிவிட்டது. அதில் அவருக்கு வருத்தமொன்றும் இல்லை. “செருப்புக் கடையிலயும் கால்தாண்ணே பாத்தாராம்” என்றான் சேவியர்.

பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். இனி என்ன பயம்? உட்கார்ந்து, திருவிழாக் கச்சேரியில் கடைசிப் பாட்டுக்குப் போடுவேனே, நாற்காலியெல்லாம் பறக்குமே, அந்த அடியைப் போட்டேன். கீழே குழந்தைகள் ஆடிய சத்தம் மாடிக்குக் கேட்டது. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பிரமாதம் என்று சொல்லப்போகிறார் என்று எனக்கு நினைப்பு. “ரொம்ப அடிக்கிறீங்கங்கிறாருண்ணே. எல்லா எடத்துலயும் நீங்களே இருக்கீங்களாம். மத்தவங்களுக்குக் கொஞ்சம் எடம் விடுங்கங்கிறாரு.” எனக்குச் சுள்ளென்று ஏறியது. உங்கள் ஆட்கள் தாளத்தை எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று சொல்லச் சொன்னேன். அவர் அதற்கும் சிரித்தார். ஆனால் காபி டம்ளரை எடுக்க வந்த உன் அம்மா, “நல்லாச் சொன்னாரு. வீட்லயும் அப்பிடித்தான்னு சொல்லு சேவியரு” என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் ஒரு வாக்கியம் தொடங்கினால் அதை முடிப்பது நானாகத்தான் இருக்கிறேன். அவள் சும்மா இருந்தால் என்ன கோபம் என்று கேட்டுக் கேட்டே கோபத்தை வரவழைத்துவிடுவேன். உனக்கும் அந்தச் சுபாவம் இருக்கிறது. மருமகள் பேசாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் உட்காரட்டும், விடு. இதுதான் நான் சொல்வதாக இருந்த புத்தி. அதுவும் அவர் சொன்னதுதான்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். அவர்கள் கல்யாணத்தில் பெண்ணும் அப்பாவும் சேர்ந்து ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும் என்று வழக்கமாம். அவர் மகள் கல்யாணத்தில் டிரம்ஸ் வாசிக்க வேண்டியவன் வரவில்லை. நானே வாசிக்கிறேன் என்று இவர் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஆட வேண்டிய இடத்தில் சித்தப்பா ஆடினார். “அம்புட்டுப் பேர் காலையும் பாத்தேன், எம் மக மொகத்தப் பாக்கல. அவ முதுகுதான் தெரிஞ்சுச்சுங்கிறாருண்ணே” என்றான் சேவியர். வரவேற்பில் நம் குழுவோடு ஒரு பாட்டுக்காவது வாசியுங்கள் என்று நீ கேட்டிருந்தாய், நினைவிருக்கிறதா? அந்த நேரத்திலேயே சேவியரிடம் சொல்லிவிட்டேன், இன்றைக்கு டிரம்ஸுக்குப் பதிலாகக் கரண்டில் ஓடும் ரிதம் பேடை வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள், நான் வாசிக்கவில்லை என்று. அது தெரிந்ததும் உன் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையில் உன் பக்கத்திலேயே நின்றேன். நான் வாசிக்காத ஒரு மேடையில் அவ்வளவு நேரம் நின்றது அன்றுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் உன் முகம் நன்றாகத் தெரிந்தது. உன் அம்மாவின் மூக்கு உனக்கு என்பது நீ மாலையோடு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்போதுதான் உன் மாமனாரின் அண்ணன் மேடை ஏறினார். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியை நடத்துகிறவர், சால்வையும் ஆளும் ஜோராக இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “சம்பந்தி, பத்திரிகையில பாத்தேன். நம்ம காலேஜ் புள்ளைகளுக்கு ஜாஸ் இசை வரலாறு பத்தி நீங்க ஒரு நாள் வந்து பேசணும். மாட்டேன்னு சொல்லப்படாது” என்றார். சுற்றிலும் அத்தனை பேர். போட்டோக்காரர் வேறு லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வருகிறேன் என்று தலையாட்டியிருந்தால் அந்த நிமிஷம் தப்பித்திருக்கலாம். வால்டரிடம் ஒரு தடவை உண்மையைச் சொன்ன பிறகு மறுபடி ஒளிய எனக்குத் தெம்பு இல்லை. உன் முகம் என்ன ஆகப்போகிறதோ என்று பயம்தான். இருந்தும் சொல்லிவிட்டேன். “ஐயா, எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் ஆர்கெஸ்ட்ராவுல டிரம்ஸ் அடிக்கிறவன். அம்புட்டுதான்.”

சொல்லிவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். கூனிக் குறுகி நிற்பாய் என்று பார்த்தேன். நீயோ மாலையைச் சரிசெய்துகொண்டே, ஒன்றும் நடக்காதது மாதிரி அவரிடம் சொன்னாய்: “ஆமா மாமா. அதத்தான நானும் சொன்னேன். ஜாஸ்னா டிரம்ஸ்தான?” அவர் விழித்தார். “இல்ல மாப்ள, ஜாஸ்ங்கிறது…” என்று இழுத்தார். நீ விடவில்லை. “டிரம்ஸ்தான் மாமா. வால்டர் வீட்டுலகூட ஒரு ஜாஸ் கெடக்கு, நானே தொடச்சு வச்சிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான். கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்கா போய், ஒரு ஜாஸ் வித்வான் வீட்டு மாடியிலேயே குடியிருந்த என் மகனுக்கு ஜாஸ் என்றால் என்னவென்று தெரியவில்லை! நீ எனக்கு எந்தப் பெரிய வார்த்தையையும் மாட்டிவிடவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் என்ன சொல்லிக் கேட்டு வளர்ந்தாயோ, அதையே அமெரிக்காவிலும் சொல்லியிருக்கிறாய், மாமனாரிடமும் சொல்லியிருக்கிறாய். ஆயிரம் பேருக்கு முன்னால் என்று நீ சொன்னதும் நம் திருவிழாக் கூட்டத்தைத்தான். அத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. உன் தோளைப் பிடித்திருக்காவிட்டால் மேடையில் விழுந்திருப்பேன். மகனுக்கு ஒரு விஷயம் தெரியவில்லையே என்று இவ்வளவு சந்தோஷப்பட்ட அப்பன் மதுரை ஜில்லாவில் வேறு யாராவது இருப்பானா, சொல்.

இப்போது உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஐயோ, இத்தனை பேரிடம் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று அங்கே யாரிடமும் போய்த் திருத்திக்கொண்டிருக்காதே. உங்க அப்பா என்ன செய்கிறார் என்று எவன் கேட்டாலும் இதுவரைக்கும் எப்படிச் சொன்னாயோ அப்படியே சொல்.

அப்பா